கடக்க வேண்டியவர் பார்த்த கல்

"மூன்று பேர், அம்மா," என்றார் திருமேனி. "பசித்தவனுக்கும் நெல்லுக்கும் நடுவில் மூன்று பேர் நிற்கிறார்கள். அவர்களை அங்கே நிறுத்தி வைத்தது நீங்கள்."

செங்கமலம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூவரில் ஒருவர் நீங்கள்தானே," என்றார்.

"ஆமாம். நான் வழிவிடத் தயார். மற்ற இருவரும் நகர மாட்டேன் என்கிறார்கள்."

மழை தூறிக்கொண்டிருந்தது. பரிசல் துறையில் ஓலைக்கூரை ஒன்றின் கீழ் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

அந்த மலைநாட்டில் அரசர் முடியைக் கழற்றி வைத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. முடி இருந்த இடத்தில் ஒரு சாசனத்தை எழுதி வைத்தார்கள். சட்டத்தை மக்கள் மன்றம் இயற்றும். தலைவர் அதை நிறைவேற்றுவார். குறை என்று வருகிறவர்களை நடுவர் கேட்பார். ஒருவர் வேலையை மற்றவர் செய்யக் கூடாது.

சாசனத்தைத் தன் கையால் எழுதியவர் செங்கமலம். எழுதி முடித்த மறுநாள் நகரத்தைவிட்டு இந்தத் துறைக்கு வந்து குடிசை போட்டுக்கொண்டார்.

திருமேனி அவருடைய மாணவர். அவரைவிட நான்கு வயது மூத்தவர். அரசரின் படையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்பது வயதில் எழுத்துக் கற்க அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். இப்போது நாட்டின் தலைவர் அவர்தான்.

"நடந்ததைச் சொல்லுங்கள்," என்றார் செங்கமலம்.

"நொச்சிமலை சரிந்துவிட்டது. நாற்பது குடும்பங்கள். ஐந்து நாளாகப் பாறை இடுக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் புளியங்கொட்டையை வறுத்துத் தின்கின்றன. நான் போய்ப் பார்த்தேன், அம்மா. ஒரு பெண் என் கையில் நாலு கொட்டையை வைத்துச் சாப்பிடுங்கள் என்றாள். விருந்தாளியாம் நான்."

அவர் குரல் உயர்ந்தது.

"கீழக்கொல்லையில் நெல் இருக்கிறது. எடுத்து வரச் சொன்னேன். வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கீழக்கொல்லைக்காரர்கள் நடுவரிடம் ஓடினார்கள். அவர் தடை போட்டார். வண்டி நட்ட நடுச் சாலையில் நனைகிறது."

"என்ன நெல்?"

"விதைநெல்."

செங்கமலம் ஆற்றிலிருந்து கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"செத்துப் போனவன் விதைக்கப் போகிறானா?" என்றார் திருமேனி.

"விதைநெல்லைக் கொடுத்தவன் அடுத்த ஆண்டு என்ன சாப்பிடுவான்?"

"அடுத்த ஆண்டைப் பற்றி அடுத்த ஆண்டு யோசிக்கலாம். அவர்கள் நேராக என்னிடம் வந்திருக்கலாமே. நான் கேட்டிருக்க மாட்டேனா?"

"நெல்லை எடுத்தது யார்?"

"நான்."

"உங்களைப் பற்றிய குறையை உங்களிடமே வந்து சொல்லியிருக்க வேண்டுமா?"

"நான் கேட்கக்கூடியவன்தானே."

"ஆமாம்," என்றார் செங்கமலம். "நடுவர் என்ன எழுதியிருக்கிறார்?"

"நிறுத்து என்று எழுதியிருக்கிறார்."

"அதற்கு முன்னால்?"

"ஒரு முழ நீளத்துக்கு என்னவோ எழுதியிருக்கிறார். கடைசி வரியைப் படித்தேன். அதற்குமேல் படிக்க எனக்குப் பொறுமை இல்லை."

"மன்றம்?"

"ஆறு பள்ளத்தாக்குகளிலிருந்தும் உறுப்பினர்கள் வர வேண்டும். பாதைகள் போய்விட்டன. ஒன்பது நாள் ஆகுமாம். ஒன்பதாம் நாள் அவர்கள் உட்கார்ந்து சட்டம் போடுவார்கள். நான் பிணங்களுக்குச் சோறு போடுவேன்."

அவர் எழுந்து கூரைக்கு வெளியே போனார். உள்ளே வந்தார். மறுபடி போனார். நடக்கும்போது இடுப்பில் ஒரு பெரிய இரும்புச் சாவி ஆடியது.

"அது எதன் சாவி?"

"படைக் களஞ்சியம். மலையடிவாரத்தில் இருக்கிறதே, அது."

"அதில் நெல் இல்லையா?"

"நிறைய இருக்கிறது. ஆனால் அது படைக்கு. நாளைக்கு எல்லையில் ஏதாவது நேர்ந்தால்?"

"ஏதாவது நேர்ந்திருக்கிறதா?"

"இல்லை. நேரும்போது களஞ்சியம் காலியாக இருந்தால் என்னைத்தானே கேட்பார்கள்?"

"சரி," என்றார் செங்கமலம்.

திருமேனி பையிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு தாளை எடுத்து அவர் முன் விரித்தார்.

"ஆணை எழுதிவிட்டேன். மழை நிற்கும்வரை மன்றத்தின் அதிகாரமும் நடுவரின் அதிகாரமும் தலைவரிடம் இருக்கும். நாளைக் காலை நகரத்துச் சதுக்கத்தில் இதைப் படிக்கப் போகிறேன். அடியில் உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்."

செங்கமலம் படித்தார். எழுத்துகள் உருண்டையாக, பிழையில்லாமல் இருந்தன. அவர் கற்றுக் கொடுத்த கை.

"மழை நின்றதும் திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா?"

"அந்த நிமிடமே."

"மழை நின்றுவிட்டது என்று யார் சொல்வார்?"

"நான்தான். வேறு யார்?"

செங்கமலம் சிரித்தார். அதில் கேலி இல்லை. களைப்பு இருந்தது.

"நான் திருடன் இல்லை, அம்மா."

"தெரியும்."

"பதவிக்கு அலைந்தவனும் இல்லை."

"அதுவும் தெரியும். சாசனம் எழுதும்போது உங்களைப் போன்ற ஒருவரை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்."

"நல்லவனை நினைத்துக்கொண்டா கையைக் கட்டினீர்கள்?"

செங்கமலம் தாளை மடித்துக் கொடுத்தார்.

"கையெழுத்தைப் பிறகு பார்ப்போம். நகரம் அக்கரையில் இருக்கிறது. முதலில் ஆற்றைக் கடக்க வேண்டாமா?"

"கடந்தாக வேண்டும். கல் என்ன சொல்கிறது?"

"நான் சொல்லக் கூடாது."

கரையிலிருந்து பத்தடி தள்ளித் தண்ணீருக்குள், தலைப்பக்கம் பாசி படர்ந்த ஒரு கல் நட்டிருந்தது. அதில் இரண்டு கோடுகள். கீழ்க்கோட்டின் அருகே ஒரு புள்ளி குழித்திருந்தார்கள். மேல்கோட்டின் அருகே இரண்டு புள்ளிகள். தண்ணீர் ஒற்றைப் புள்ளிக் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஆட்கள் பரிசலில் ஏறலாம். அந்தக் கோடு மூழ்கிவிட்டால் ஏறக் கூடாது. இரட்டைப் புள்ளிக் கோடும் மூழ்கினால் பரிசலைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

கல் பார்ப்பவர் துடுப்புப் பிடிக்கக் கூடாது. துடுப்புப் பிடிப்பவர் கல் பார்க்கக் கூடாது. கடக்க வேண்டியவர் கல்லைப் பார்த்துச் சொன்னால் அது செல்லாது. யார் மேல் குறை இருந்தாலும் அக்கரை ஊரார் கேட்பார்கள். அது அந்தத் துறையின் வழக்கம். சாசனத்துக்கு முந்தியது.

ஆறு ஆண்டுகளாகக் கல் பார்ப்பவர் செங்கமலம்.

"ஏன் சொல்லக் கூடாது? கல் பார்ப்பவர் நீங்கள்தானே?"

"மூன்று நாளாக இல்லை. என் தங்கை அக்கரையில் படுத்துவிட்டாள். நினைவு வருகிறது, போகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் கடக்க வேண்டியவள்."

அவர் மடியில் ஒரு துணி மூட்டை இருந்ததைத் திருமேனி அப்போதுதான் கவனித்தார்.

"மூன்று நாளாகவா இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"ஆமாம்."

"வேறு யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்வதுதானே?"

"துறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கடக்கத்தானே வருகிறார்கள்?"

சாய்த்து வைத்திருந்த பரிசலுக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. பரிசல்காரர் மாசாணம்.

"முந்தாநாள் ஒரு வளையல்காரர் வந்தாருங்க. அவரும் கடக்கணும்னாரு. நேத்து ரெண்டு பேரு, மாடு பிடிக்க. அவங்களும் அப்படித்தான். ஆளாளுக்குத் திரும்பிப் போயிட்டாங்க."

"நீ பாரப்பா," என்றார் திருமேனி.

"நான் துடுப்புங்க."

"கண் இருக்கிறதல்லவா?"

"இருக்கு. அதனாலதான் கல்லுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருக்கேன்."

"இது என்ன வழக்கம்? யார் கொண்டுவந்தது?"

"எங்க அப்பா காலத்துல இல்லீங்க. அவரே கல்லைப் பாப்பாரு, அவரே ஓட்டுவாரு. ஒரு நாள் கல்யாணக் கூட்டம். முகூர்த்தத்துக்கு நேரமாச்சுன்னாங்க. அப்பாவும் பாத்துட்டு, போலாம்னாரு."

"அப்புறம்?"

"அப்புறந்தான் இந்தக் கோடு போட்டாங்க."

மாசாணம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எப்போது போட்டார்கள்?"

"சித்திரையில. ஆறு வத்திக் கிடந்தப்ப. யாருக்கும் எங்கயும் போற அவசரம் இல்லாதப்ப."

"வெயிலில் உட்கார்ந்து கோடு போட்டவனுக்கு வெள்ளத்தில் நிற்பவனுடைய கஷ்டம் எப்படித் தெரியும்?" என்றார் திருமேனி. அவர் மாசாணத்திடம் பேசவில்லை. "உங்கள் சாசனமும் இதே கதைதான், அம்மா."

"ஆமாம்," என்றார் செங்கமலம். "அதையும் சித்திரையில்தான் எழுதினோம்."

திருமேனிக்கு முகம் சிவந்தது. சற்றுத் தள்ளிக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற காவலரைக் கூப்பிட்டார்.

"ஏகாம்பரம். நீ இங்கேயே இருந்து குதிரையைப் பார்த்துக்கொள். நீ கடக்க வேண்டாம். இப்போது நீ கடக்க வேண்டியவன் இல்லை. சரிதானே, அம்மா? போய்க் கல்லைப் பார்."

"பாக்கிறேன் ஐயா," என்றார் ஏகாம்பரம். இரண்டு அடி போய்த் திரும்பினார். "எங்க இருக்கணும் ஐயா?"

"எது?"

"தண்ணி. கோட்டுக்கு மேலயா, கீழயா? எங்க இருக்கணும்னு சொல்லிட்டீங்கன்னா நல்லது."

மாசாணம் பரிசலுக்கு அடியில் இருமினார். இருமல் வெகுநேரம் நீடித்தது.

"போ. குதிரையிடம் போ," என்றார் திருமேனி.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நான்கு பேர் இருக்கிறோம். எட்டுக் கண். கல் இதோ நிற்கிறது. ஆனால் எவர் பார்த்தாலும் செல்லாது. இந்த நாடு முழுவதும் இப்படித்தான் ஆகிவிட்டது. செய்யத் தெரிந்தவன் செய்யக் கூடாது. சொல்லத் தெரிந்தவன் சொல்லக் கூடாது. அங்கே குழந்தைகள் கொட்டையைக் கடிக்கின்றன. இங்கே உங்கள் தங்கை வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். எல்லோரும் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அது அவரை இன்னும் கோபப்படுத்தியது.

அவர் தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் வரை வந்தது. தொடை வரை வந்தது. கல்லுக்கு ஒரு கை தூரத்தில் நின்று குனிந்து பார்த்தார். அவசரப்படவில்லை. நெற்றியில் வழிந்த மழைநீரைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"கோடு தெரிகிறது," என்று குரல் கொடுத்தார். "தண்ணீர் அதற்கு இரண்டு விரல் கீழே. ஒரு புள்ளி."

"ஒரு புள்ளியா?" என்றார் செங்கமலம். அவர் கை மடியிலிருந்த மூட்டையைப் பற்றியது.

"ஒரே ஒரு புள்ளி. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமலா போய்விடும்?"

அவர் கரையேறி வந்து பரிசலின் மேல் கையை வைத்தார்.

"எழுந்திரு. போகலாம்."

மாசாணம் வெளியே வந்தார். எழுந்து நின்றார். ஆனால் நகரவில்லை.

"நீங்க பாத்தீங்க. போலாம்னு நீங்களே சொல்றீங்க. ஏறப் போறதும் நீங்க. நடுவுல நான் எதுக்குங்க?"

"சரி. துடுப்பைக் கொடு. நானே ஓட்டிக்கொள்கிறேன்."

"இந்தாங்க." மாசாணம் துடுப்பை நீட்டினார். "ஏதாச்சும் குறை இருந்தா அக்கரையில சொல்லணும். வழக்கம் தெரியுமில்ல? போய்ச் சேந்ததும் சொல்லுங்க."

திருமேனி பரிசலை உருட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றியது. பிடித்து நிறுத்தி உள்ளே ஏறினார்.

"வாருங்கள், அம்மா. பொழுது சாய்வதற்குள் தங்கையைப் பார்த்துவிடலாம்."

செங்கமலம் அசையவில்லை.

"உங்களை யார் கேட்கப் போகிறார்கள்? நான் பார்த்தேன், நான் சொன்னேன். பொறுப்பு என்னுடையது. நீங்கள் வெறுமனே வந்து உட்காருங்கள்."

செங்கமலம் எழுந்தார்.

மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். கூரையை விட்டு வெளியே வந்தார். சேற்றில் ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டது.

மாசாணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாராச்சும் என் ஆட்டைப் பாத்தீங்களா?"

கரைப் புதரை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மழைக்காகக் கோணிப்பையை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தாள். கையில் தழை பறிக்கும் தொரட்டி ஒன்று.

"ஒரு காது கறுப்பு. வெடிஞ்சதுலேருந்து தேடுறேன்."

மாசாணம் சட்டென்று திரும்பினார்.

"ஏ வேலாயி, அக்கரைக்குப் போறியா?"

"அங்க எனக்கு என்ன வேலை? ஆடு இந்தப் பக்கந்தான் இறங்குச்சு."

"அக்கரையில உனக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"எதுக்கு? பொண்ணு பாக்கப் போறியா?"

"இருக்காங்களா இல்லையா, சொல்லு."

"ஒருத்தரும் இல்ல. ஆட்டைப் பாத்தியா, இல்லையா?"

செங்கமலம் தண்ணீரின் ஓரத்திலேயே நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். திறக்காமலே பேசினார்.

"வேலாயி, கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள்."

"நானா, கல்லுக்காரம்மா? அது உங்க வேலையில்ல?"

"இன்றைக்கு இல்லை. பார்த்துச் சொல்லுங்கள்."

வேலாயி கோணியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கரையிலிருந்தே பார்த்தாள். அவளுக்கு அரைநொடி போதுமாக இருந்தது.

"தண்ணி கோட்டுக்குக் கீழ ரெண்டு விரக்கடை இருக்கு. ரெண்டு புள்ளி."

"ஒரு புள்ளி," என்றார் பரிசலில் இருந்த திருமேனி.

"ரெண்டு."

"நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றுதான் புள்ளி. இன்னொன்று பாசி."

"பாசியா?" என்றாள் வேலாயி. "விரலை வெச்சுப் பாருங்க."

"நான் யார் என்று தெரியுமா?"

"பாத்தாப் பெரிய ஆளாத்தான் தெரியுது. அதுக்காகப் புள்ளி ஒண்ணு கொறைஞ்சிடுமா?"

திருமேனி பரிசலில் இருந்து குதித்தார். தண்ணீர் தெறித்தது. கல்லை நோக்கி வேகமாக நடந்தார். அந்தப் பெண்ணுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற வேகம் அது.

கட்டைவிரலைப் பாசியின் மேல் வைத்துத் தேய்த்தார்.

பாசி வழுக்கிக்கொண்டு வந்தது. விரல் நகம்வரை உள்ளே இறங்கியது.

விரலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அங்கேயும் இறங்கியது.

பிறகு குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். முழங்கை ஆழத்தில் இன்னொரு கோடு தட்டுப்பட்டது. அதன் அருகே ஒரு குழி. ஒன்றே ஒன்று.

நடு ஆற்றில் வேரோடு ஒரு மரம் புரண்டுகொண்டு போயிற்று. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. இவ்வளவு நேரமும் அந்த ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மரங்கள் இப்போதுதான் கண்ணில் பட்டன.

மாசாணம் தண்ணீரில் இறங்கிப் பரிசலைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். உள்ளே கிடந்த துடுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"கல்லை மட்டும் கேக்குறீங்க. ஆட்டைப் பத்தி ஒருத்தராச்சும் வாயைத் தெறக்குறீங்களா?" என்று சொல்லிவிட்டு வேலாயி புதருக்குள் போனாள். அவள் ஆட்டைக் கூப்பிடும் குரல் கொஞ்ச நேரம் கேட்டது.

திருமேனி கூரைக்குக் கீழே வந்து ஈரத்தோடு உட்கார்ந்தார். பையைத் திறந்தார். உள்ளே இரண்டு தாள்கள் இருந்தன. தன் ஆணையை வெளியே எடுத்து ஓரமாக வைத்தார். நடுவரின் தாளை எடுத்து மடியில் விரித்தார்.

முதல் வரியிலிருந்து படித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்துப் படித்தார். நாற்பது வயதில் அப்படித்தான் படித்துப் பழகினார்.

நான்காவது வரியில் விரல் நின்றது.

கீழக்கொல்லையின் விதைநெல்லைத் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தது. தலைவரின் பொறுப்பில் மலையடிவாரத்துப் படைக் களஞ்சியம் நிறைந்து கிடக்கிறது என்றும் எழுதியிருந்தது. பஞ்சத்திலும் பேரிடரிலும் அதைத் திறக்க மன்றத்தின் ஒப்புதலும் வேண்டாம், நடுவரின் ஒப்புதலும் வேண்டாம். சாசனம் அந்தச் சாவியைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறது. இன்றே திறக்கலாம்.

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

பிறகு இடுப்பில் கையை வைத்தார். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. அவிழ்க்க நேரமாயிற்று.

"ஏகாம்பரம்."

"ஐயா."

"இருட்டுவதற்குள் களஞ்சியத்துக்குப் போய்விடுவாயா?"

"போயிடுவேன் ஐயா. எவ்வளவு எடுக்கணும்?"

"நொச்சிமலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும். போகிற வழியில் கீழக்கொல்லை வண்டியைத் திருப்பி அனுப்பிவிடு. நனைந்த மூட்டைக்கு ஈடாகவும் நம் நெல்லையே கொடுக்கச் சொல்."

ஏகாம்பரம் சாவியை வாங்கிக்கொண்டார். எதையோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. குதிரை மேட்டில் ஏறிப் போகும் ஓசை மழையோடு கலந்து மறைந்தது.

ஆணைத்தாள் ஓரத்தில் கிடந்தது. கூரையிலிருந்து சொட்டிய நீர் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. திருமேனி அதை நகர்த்தி வைக்கவில்லை.

செங்கமலம் இன்னும் தண்ணீரின் ஓரத்திலேயே நின்றிருந்தார். பிறகு திரும்பி வந்தார். முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

திருமேனிக்குக் கோபம் மறுபடி வந்தது. இந்த முறை அது தாழ்ந்த குரலில் வந்தது.

"அம்மா, நான் பரிசலில் ஏறிவிட்டேன்."

"ஆமாம்."

"உங்களையும் கூப்பிட்டேன். நீங்களும் எழுந்து வந்தீர்கள். அந்தப் பெண் ஆட்டைத் தேடி வந்திருக்காவிட்டால் இந்நேரம் இருவரும் அந்த மரங்களோடு போய்க்கொண்டிருப்போம்."

"ஆமாம்."

"ஆறு ஆண்டுகளாக இந்தக் கல்லைப் பார்க்கிறவர் நீங்கள். அந்தக் குழிகளை இருட்டில்கூடக் கண்டுபிடிப்பீர்கள். நான் ஒன்று என்று தவறாகச் சொன்னேன். இங்கே உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொன்னால் செல்லாது என்பது சரி. சாகப் போகிறவனிடம்கூடவா சொல்லக் கூடாது? ஏன் பேசாமல் இருந்தீர்கள்?"

செங்கமலம் கல்லைப் பார்த்தார். அதன் மேல் பாசி தேய்ந்த இடம் ஈரத்தில் பளபளத்தது.

"மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்," என்றார். "எனக்கும் ஒரு புள்ளிதான் தெரிந்தது."